நின்றுபோன மாவு மில்

1853-ம் வருஷம் மே மாதத்தில் இங்கிலாந்தில் கிளாஸ்டர் என்னும் ஊரில் ஒரு மாவு மில் நின்று போயிற்று. நீராவி இயந்திரத்தின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. புதிது வார்ப்பதற்கு உடைந்ததையே மாதிரியாகக் கிரீனிச்சுக்கு அனுப்ப வேண்டும். மில்லின் சொந்தக்காரர்களான ஹாட்லி என்பவர்கள் ஓர் ஆளைப் பிக்ஃபோர்டு வண்டிக் கம்பெனிக்கு விரட்டினார்கள். "மில் நிற்கிறது, உடனே போக வேண்டும்" என்றான் அவன். "பகல் பன்னிரண்டு மணிக்குள் கொண்டு வந்தால் மறுநாள் போய்ச் சேரும்" என்றார் குமாஸ்தா. வண்டிச் சத்தம் 2 பவுன் 4 ஷில்லிங்.

மறுநாள் போய்ச் சேரவில்லை. கம்பெனியின் அசட்டையால் புது ஷாஃப்ட் பல நாள் தாமதித்தே வந்தது. ஹாட்லிகள் 300 பவுன் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். கம்பெனி 25 பவுனைக் கோர்ட்டில் கட்டியது; ஜூரிகள் மேலும் 25 கொடுக்கச் சொன்னார்கள். கம்பெனி விடவில்லை. 1854 பிப்ரவரியில் நீதிபதி ஆல்டர்ஸன் தீர்ப்புச் சொன்னார். ஒப்பந்தம் தவறினால் இயல்பாக விளையும் நஷ்டத்தைக் கேட்கலாம். அல்லது இரு தரப்பாரும் ஒப்பந்தம் செய்யும்போதே எதிர்பார்த்திருக்கக் கூடிய நஷ்டத்தைக் கேட்கலாம். அதற்கு மேல் கிடையாது. மில் நின்றதால் போன லாபம் இந்த இரண்டிலும் சேராது, மறு விசாரணை நடக்கட்டும் என்றார்.

அப்படியானால் அந்த ஆள் குமாஸ்தாவிடம் சொன்ன சொல் என்ன ஆயிற்று? வழக்கறிக்கையின் முகப்பில் அது இருக்கிறது, தீர்ப்பில் இல்லை. உடைந்த ஷாஃப்ட் என்பதும் அனுப்பியவர்கள் மில்காரர்கள் என்பதும் மட்டுமே தெரிவிக்கப்பட்டன என்கிறது தீர்ப்பு. வாய்ச் சொல் கல்லாவைத் தாண்டவில்லை. கதை எழுதுகிறவனுக்கு அந்த ஆளின் முகம்தான் கண்ணில் நிற்கும். சட்ட மாணவர்களுக்கு ஆல்டர்ஸனின் முகம்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் வக்கீல் நண்பர் ஒருவர். என் காரை ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். பத்து நாளில் தருவதாகச் சொன்னார்கள். நாலு மாதம் ஆயிற்று. "சாமான் வரவில்லை, ஸார்" என்பதே பல்லவி. மாமியாரை வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் அழைத்துப் போனேன். அந்தச் செலவை யாரிடம் கேட்பது?

நண்பர் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தைப் பிரித்தார். 73-ம் பிரிவில் ஆல்டர்ஸன் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்! உதாரணத்தில் மில்கூட வருகிறது. இயந்திரம் இல்லாமல் மில் நிற்கிறது என்று வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தால், தாமதித்த நாட்களின் சராசரி லாபம் கிடைக்கும். கைநழுவிய சர்க்கார் காண்டிராக்டின் லாபம் கிடைக்காது.

சட்டம் இருந்தால் போதுமா? வாசல் வேண்டும். சென்னையில் அந்த வாசல் பழையது. 1753-ம் வருஷத்துச் சாசனம் ஐந்து வராகன் வரையிலான தாவாக்களுக்கென்றே ஒரு கோர்ட்டை வைத்தது. 1850-ல் ஸ்மால் காஸஸ் கோர்ட்டு வந்தது. ஐந்நூறு ரூபாய் வரை விசாரிக்கலாம். பின்னால் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர் அந்தச் சின்னக் கோர்ட்டில் இருந்தவர்தான். ஆனால் ஆங்கிலம் அறியாத கடன்காரனுக்கு அங்கே பேச்சு ஏது? கோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று 1879-ல் தம் நாவலிலேயே வாதாடினார் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் முன்சீப்பாக இருந்தவர், பார்த்துத்தான் எழுதினார்.

இன்று என் போன்றவர்களின் வாசல் வேறு. 1986-ல் வந்த நுகர்வோர் சட்டமும், அதை மாற்றி 2019-ல் செய்த சட்டமும், வக்கீல் இல்லாமலே மாவட்ட ஆணையத்தில் நின்று பேச இடம் தருகின்றன. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. பரிசோதனை தேவைப்படாத பிராதுகளை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். முயல வேண்டும் என்ற சொல்லில் எத்தனை வாய்தாக்கள் அடங்கும் என்பதை ஆணையங்களின் வராந்தாவில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

நண்பர் கடைசியாகக் கேட்டது பட்டறையின் ஜாப் கார்டை. 'ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி தேவை, பத்து நாளில் வேண்டும்' என்று நான் சொல்லச் சொல்ல, பட்டறைப் பையன் அதில் எழுதியிருந்தான். எண்ணெய்க் கறைக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. நண்பர் அதை இரண்டு பிரதி எடுத்து வரச் சொன்னார்.