துரை ஆகாமல் சின்னண்ணன் ஆனவர்

போடிப் பக்கம் மலைத்தோட்ட வேலைக்குப் போன பெரியவங்க யாரையாவது "தொரை"ன்னு சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. பாதி பயம், பாதி கிண்டல் இருக்கும். டாப் ஸ்டேஷனில் இருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் தேயிலை இறங்கிய காலத்தில், மூணாறு தோட்டங்களை வைத்திருந்த ஃபின்லே கம்பெனி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்தது. துரைக்கு பங்களா, தொழிலாளிக்கு லயம். நடுவுல பெரிய பள்ளம்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். அவரை ஜனங்க கூப்பிட்டது "சின்னண்ணன்"னு. பெயர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். 1891-ல் பிறந்தவர், டாக்டர். கம்பளி நூல் ஆலை வைத்திருந்த பணக்காரக் குடும்பம்.

அப்போ பெரியண்ணன் யாரு? சவரிராயன் ஏசுதாசன். நம்ம தமிழர், பிரிட்டனில் மருத்துவம் படித்தவர், பேட்டனைவிட 9 வயது மூத்தவர். லண்டனில் பழக்கமான இந்த இருவரும் சேர்ந்து 1921-ல் திருப்பத்தூரில் (அப்போ வட ஆற்காடு ஜில்லா) தொடங்கியதுதான் கிறிஸ்துகுல ஆசிரமம். இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் ஆசிரமம்னு பொதுவாக இதைத்தான் சொல்வாங்க.

கிறிஸ்தவ சகோதரத்துவ அமைப்புன்னாலே நமக்கு டான் பிரௌன் புண்ணியத்தில் டெம்ப்ளர் வீரர்கள், வாள், ரகசியச் சடங்குன்னு ஞாபகம் வரும். அமெரிக்காவில் 1882-ல் தொடங்கிய கொலம்பஸ் வீரர்கள் அமைப்புகூட வாளும் தொப்பியுமாகத்தான் ஊர்வலம் போகும் (உள்ளே பார்த்தால் இறந்துபோன உறுப்பினர் குடும்பத்துக்குப் பணம் தரும் இன்ஷூரன்ஸ் ஏற்பாடு, நல்ல விஷயம்தான்). திருப்பத்தூரில் அதெல்லாம் கிடையாது. கல்யாணம் செய்யாத சகோதரர்கள், சம்பளம் இல்லை, கதர், சைவச் சாப்பாடு, ஜெபம், ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி. ஜாதி, நிறம் பார்க்காமல் தரையில் ஒரே பந்தி.

இதுல என்ன பெரிய புரட்சின்னு கேட்கலாம். அந்தக் காலத்து மிஷன்களில் வெள்ளைக்கார மிஷனரி ஒரு தட்டு, இந்திய ஊழியர் இன்னொரு தட்டு. சம்பளம், வீடு, முடிவு எடுக்கிற அதிகாரம் எல்லாத்திலும். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் திருநெல்வேலிக்காரரான அசரியா எழுந்து, நீங்க நிறைய கொடுத்தீங்க, ஆனா எங்களை நண்பர்களா நடத்தலையேங்கிற அர்த்தத்தில் பேசி எல்லாரையும் நெளிய வைத்தார். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் இந்த ஆசிரமத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். பெயரையே பாருங்க: குலம். ஜாதியைச் சொல்ல நாம பயன்படுத்துற சொல்லை எடுத்து, எல்லாரும் ஒரே குலம்னு திருப்பிப் போட்டாங்க. இந்தியர் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன். 1921-ல இதை எழுதிப் பார்க்கவே தைரியம் வேணும்.

இதுக்கு விலையும் கொடுத்தார் பேட்டன். 1932-ல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடையில் நின்ற அவரை போலீஸ் தடியால் அடித்தது, வண்ணத் தண்ணீரைப் பீய்ச்சியது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரைக்கும் கேள்வி போனது. எத்தனையோ பேர் அடி வாங்கிய காலம், இவர் வெள்ளைக்காரர் என்பதால்தான் லண்டன் காது கொடுத்தது என்பதையும் சொல்லியாகணும். நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை, கதர்த்துணிக்காக அடி வாங்கியிருக்கார்!

ஆசிரமத்து ஜெபாலயத்தை திராவிடக் கோயில் பாணியில் கட்டினாங்க. பாராட்டும் வந்தது, கேள்வியும் வந்தது. பின்னாளில் தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள், இந்தியத்தன்மைன்னு இப்படிப்பட்ட ஆசிரமங்கள் எடுத்துக்கிட்டது மேல்ஜாதி மரபைத்தானேன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. கோயிலுக்குள்ளேயே விடப்படாதவங்களுக்கு கோபுரம் என்ன நினைவைத் தரும்? ஒரே பந்தியை வைத்து இதுக்குப் பாதி பதில் சொல்லலாம், முழுசா முடியாது. அப்புறம், கல்யாணம் வேண்டாம் என்ற விதியால் சகோதரர் கூட்டம் எப்பவும் சின்னதாகவே இருந்தது.

ஆனா வழி பரவியது. புனே பக்கம் 1922-ல் ஜாக் வின்ஸ்லோ கிறிஸ்த சேவா சங்கத்தைத் தொடங்கினார். கத்தோலிக்கர்கள் தனி வழியில் 1950-ல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமம் கண்டாங்க. நம்ம மலைக்கு அந்தப் பக்கம், வாகமண்ணில் 1958-ல் குரிசுமலை ஆசிரமம் வந்தது. அங்கே துறவிகள் மாடு வளர்த்துப் பால் கறந்து பிழைச்சாங்க.

பெரியண்ணன் 1969-ல் மறைந்தார். சின்னண்ணன் அடுத்த வருஷமே.