எலும்புகளைச் சுமந்தோர்

பேர்லின் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையின் நடுமண்டபத்திலே 13 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது ஒரு டைனோசரின் எலும்புக்கூடு. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்விலங்கினம் ஜேர்மன் மண்ணிற் கிடைத்ததன்று. இன்றைய தான்சானியாவின் தென்கிழக்கே, லிண்டித் துறைமுகத்துக்கு வடமேற்கில் உள்ள தெண்டகுருக் குன்றைச் சூழ்ந்த நிலத்திலிருந்து அது பெயர்த்தெடுக்கப்பட்டது.

அந்நிலம் அன்று ஜேர்மனியரின் குடியேற்ற நாடு. கட்டாயப் பருத்திச் செய்கையும் வரியும் தாங்காத மக்கள் 1905 இல் கிளர்ந்தெழுந்தனர். மஜி மஜி எனப்படும் அவ்வெழுச்சியை அடக்க வந்த படைகள் ஊர்களையும் விளைநிலங்களையும் எரித்தன. போரினாலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்தினாலும் மாண்டோர் தொகையை 75,000 முதல் 300,000 வரை கணிப்பர். இவ்வழிவுக்கு நடுவே, 1906 இல், கனிப்பொருள் தேடிய சட்லர் என்னும் பொறியியலாளர் பாதையோரத்தில் வெளிப்பட்டுக் கிடந்த பெரும் எலும்புகளைப் பற்றி அறிவித்தார். அப்பாதையால் நடந்த ஊர்மக்கள் அவற்றைக் காணாதிருந்திருப்பரோ? எனினும் "கண்டுபிடித்தவர்" என்ற பெருமை அவருக்கே உரியதாயிற்று.

1909 முதல் 1913 வரை பேர்லின் நூதனசாலை அங்கு அகழ்வை நடத்தியது. பேர்லினின் செல்வர்கள் நிதி திரட்டினர். வெர்னர் யானென்ஷ், எட்வின் ஹென்னிக் ஆகிய அறிஞர் முதலில் தலைமை தாங்கினர். குழிகளைத் தோண்டியோரோ ஆபிரிக்கத் தொழிலாளர். 1911 அளவில் அவர்தொகை 500 வரை உயர்ந்தது. பஞ்சம் வதைத்த நாட்டிலே, வரியைச் செலுத்தவும் பணம் வேண்டியிருந்த மக்களுக்குக் கூலிவேலையை மறுக்கும் சுதந்திரம் எவ்வளவு இருந்திருக்கும்? நொறுங்கக்கூடிய எலும்புகளை அவர்கள் களிமண்ணாற் பூசி, மூங்கிலால் வரிந்து கட்டினர். செற்சே ஈயினால் சுமைவிலங்குகள் உயிர்பிழையா அப்பகுதியில் மனிதத் தலைகளும் தோள்களுமே வண்டிகளாயின. பல நாள் நடைதூரத்து லிண்டிக்கு அவ்வாறு சுமக்கப்பட்டவை 200 தொன்னுக்கு மேற்பட்டவை.

அறிஞரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பல விலங்குகளின் எலும்புகளை ஒப்புநோக்கி, 1937 இல் அவ்வெலும்புக்கூட்டை நிறுத்துவதற்கு யானென்ஷ் கால் நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டார். ஆயின் உயிரினங்களுக்குச் சூட்டிய பெயர்களை நோக்குக. 1914 இல் அவர் அப்பெருவிலங்கின் இனத்துக்கு நூதனசாலைப் பணிப்பாளர் பிராங்காவின் பெயரைச் சூட்டினார். 1919 இல் வேறோர் இனம், முதலாம் உலகப் போரில் அக்குடியேற்ற நாட்டுப் படைகளை நடத்திய லெற்றோ-வோர்பெக்கின் பெயரைப் பெற்றது. அகழ்வின் தலைமைக் கண்காணியாக நின்று, எலும்புகளைச் சிதையாது வெளிக்கொணர்ந்த தேர்ச்சி மிக்க போஹெட்டி பின் அம்ரானியின் பெயரை ஓர் இனம் தாங்குவதற்கு 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. அவருடன் மண் வெட்டியோரும் சுமந்தோரும் பெயரற்றோராகவே போயினர்.

இவ்வெலும்புகள் யாருடையவை என்ற கேள்வி தான்சானியாவில் இன்று எழுப்பப்படுகிறது. அதற்கு எத்தகைய தீர்வு வரினும், நூதனசாலை தன் சேகரிப்பின் முழு வரலாற்றையும் கூறக் கடமைப்பட்டுள்ளது. விலங்கின் வயதையும் உயரத்தையும் அறியும் பார்வையாளன், அது எத்தகைய ஆட்சியின் கீழ், எவருடைய தலைச்சுமையாக அங்கு வந்தது என்பதையும் அறிதல் வேண்டும். அதுவும் விஞ்ஞான உண்மையின் ஒரு பகுதியே.