அரைஞாணும் ஒட்டுப்பட்டையும்

சேலம் பக்கத்து இளம்பிள்ளை சேலைக்குப் பேர்போன ஊர். ஆனால் அங்கே நெய்யும் செயற்கைப் பட்டு, கைக்குழந்தையின் இடுப்புத்துணிக்கு ஆகாது, ஈரத்தை உறிஞ்சாது. துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டிதான் அதற்கு வாகு. கிழித்த துண்டைக் காலிடுக்கில் கொடுத்து, அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகினால் முடிந்தது வேலை.

மேல்நாட்டில் கதை வேறு. 1849இல் அமெரிக்காவின் வால்டர் ஹண்ட் காப்புரிமை வாங்கிய ஊக்குதான் அங்கே துணியைப் பிடித்தது. குழந்தையைக் குத்திவிடுமே என்ற பயம் வேறு. 1940களில் மரியன் டானவன், இடுப்புத்துணிக்கு மேல் போடும் தன் நீர்புகா உறைக்கு அழுத்துப் பொத்தான் வைத்தார். 1961இல் வந்த, ஒருமுறை போட்டு எறியும் பாம்பர்ஸ் டயப்பருக்குக்கூட முதலில் ஊக்குதான். ஒட்டுப்பட்டை பிறகுதான் வந்தது.

பட்டைக்குப் பெரிய எதிரி எண்ணெய்.

குழந்தைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயோ பவுடரோ விரலில் மிச்சமிருந்தால், அது பசையில் படிந்துகொள்ளும்; பிடிப்பு போய்விடும். மெல்லிய மேலுறையில் ஒட்டியதைப் பிரித்தால் உறையே கிழியும். அதனால் முன்பக்கம் வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டி ஒன்றைப் பதித்தார்கள். பிரித்து மறுபடி ஒட்டலாம். அடுத்து வந்தது ஜார்ஜ் டி மெஸ்ட்ராலின் வெல்க்ரோ வழி: கொக்கியும் வளையமும். பசையை நம்பாத பிடிப்பு என்பதால் எண்ணெய்க் கைக்கும் அது அவ்வளவாக அஞ்சுவதில்லை.