பகையின்றி வாதிட ஒரு மண்டபம்

பட்டிமண்டபம், அதாவது இன்றைய பட்டிமன்றம், பழங்கால ஏற்பாடு. மணிமேகலையில், காவிரிப்பூம்பட்டினத்து இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், வெவ்வேறு சமயவாதிகளை அந்த மண்டபத்தில் ஏறி முறையறிந்து வாதிட அழைக்கிறான். பகைவரே எதிர்ப்பட்டாலும் சினமும் பூசலும் இன்றி விலகிச் செல்லுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறான். வாதத்துக்கு இடம் தந்த அதே அறிவிப்பு சண்டைக்கு இடம் மறுத்தது. இந்த மரபின் உயிர்நாடி அதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் இதற்கு மறுவாழ்வு தந்ததில் காரைக்குடிக்குப் பெரும்பங்கு உண்டு. காங்கிரஸ்காரரான சா. கணேசன் 1939இல் அங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அரசியல் வேறுபாட்டைத் தாண்டி, கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தம் அதன் மேடையில் கம்பனைப் பேசினார்.

பகையின்றி வாதிடும் இந்த மரபுக்கு மிகக் கடுமையான சோதனை 1943இல் வந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்றது சுயமரியாதை இயக்கம். அந்தத் தரப்பை எடுத்து அண்ணா வாதிட, சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்வாதம் செய்தனர். சோமசுந்தர பாரதியார் சில ஆண்டுகளுக்கு முன் இந்தி எதிர்ப்பில் பெரியாரோடு நின்றவர். தீ வைப்பதா என்ற கேள்வியைக்கூட இரு தரப்பும் ஒரே மேடையில், ஒரு கூட்டத் தலைவரின் முன்னிலையில் பேசின என்பது வியப்புக்குரியது. அந்தச் சொற்போர்கள் ‘தீ பரவட்டும்’ என்ற நூலாயின.

பின்னர் குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவர்களாகப் புகழ்பெற்றனர். தொலைக்காட்சிக் காலத்தில் பட்டிமன்றம் பண்டிகை நிகழ்ச்சியாக மாறியது. அரசியல் ஒதுங்கி, குடும்பத் தலைப்புகள் முன்னுக்கு வந்தன.