வாசிப்பு நின்றுபோன வீடுகளுக்கு

வாசிப்பை விட்டுவிடுவோம் என்று எவரும் முடிவெடுத்து விடுவதில்லை. ஸ்ஃபெர்ராகவால்லோவில் வாழும் எம்மவர் பலர் வீட்டுவேலைக்கும் கடற்கரை உணவகங்களின் சமையலறைகளுக்கும் போய் நடுச்சாமத்தில் திரும்புகிறவர்கள். ஊரில் வாசிகசாலையே கதியென்று கிடந்தவர்களும் இவர்களுள் உண்டு. பரிசிலிருந்து காவி வந்த நூல்கள் அலுமாரியில் நிற்கின்றன. கணக்கியல் பாஷையில், ஐந்தொகையின் சொத்துப் பக்கத்தில் இருந்தும் வருமானம் தராத சொத்து.

நேரமின்மை பாதிக் காரணம்தான். ஊரில் நாம் புத்தகத்தைத் தேடிப் போனதைவிட, ஆள் மூலம் அது எம்மிடம் வந்ததே அதிகம். வாத்தியார் சொன்னார், அண்ணை கொண்டுவந்து தந்தார். 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழைக் கையில் கொண்டு தெருத்தெருவாகத் தானே விற்றார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததாகக் கணக்குண்டு. பின்வந்த இடப்பெயர்வுகளில் ‘இதை வாசி’ என்று சொல்லும் ஆட்களும் திசைக்கொன்றாகச் சிதறினார்கள். அந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் இல்லை.

இன்று நூலுக்குப் பஞ்சமில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகமும் காசில்லாமலே வாசிக்கத் தருகின்றன. ஆனால் பல வருடம் வாசிக்காதவர் அந்தக் குவியலுக்கு முன்னால் திகைத்து நின்றுவிடுகிறார். அவருக்குத் தேவை, தன்னை அறிந்து ஒன்றை எடுத்துத் தரும் ஒரு மனிதர்.

தமிழில் இதை ஒரு பணியாகவே செய்தவர்கள் உண்டு. க.நா.சு. தான் விரும்பிய நூல்களைப் பற்றி எழுதித் தொகுத்த புத்தகத்தின் பெயரே ‘படித்திருக்கிறீர்களா?’ இ. பத்மநாப ஐயர் ஈழத்து நூல்களைத் தமிழ்நாட்டு எழுத்தாளர்களிடமும் பதிப்பாளர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்னர் இலண்டனிலிருந்தும் அதையே தொடர்ந்தார். 2004ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. 1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பும், அகதிகள் வாசித்ததைப் பேச ஒன்றுகூடிய இடந்தான்.

கேட்கும் முறை முக்கியம். ‘நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கோ’ என்று பொதுவாகக் கேட்டால் ‘பொன்னியின் செல்வன்’ என்பார்கள். ஐந்து பாகம்! களைத்த மனிதருக்கு அது தண்டனை. கடைசியாக முழுதாய் வாசித்து முடித்தது எது, பலெர்மோ நகருக்குப் போகும் பஸ்ஸில் அரை மணித்தியாலம் கிடைக்குமா, எதை வாசிக்க மனம் தாங்காது என்பவற்றைச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாவதை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. போர் பற்றிய நூலைத் திறந்தால் நித்திரை போய்விடும் பெரியவர்கள் எம் வீடுகளில் இருக்கிறார்கள். ‘இப்ப அது வேண்டாம்’ என்று சொல்வதில் வெட்கமில்லை. கேட்டவர் வற்புறுத்தவும் கூடாது.

சொல்கிறவர் பத்துப் பெயர் அடுக்காமல் ஒன்றை மட்டும், காரணத்தோடு சொல்லட்டும். இங்குள்ள மீன்பிடி வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தீவான் ஒருவருக்கு நாம் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலைச் சொல்வோம். நெடுந்தீவுக் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்யும் மீனவர் கதை அது. புத்தகம் கையில் இருந்தால் இரவலாகவும் கொடுக்கலாம். இரவல் நூல் அனேகமாக அறவிடமுடியாக் கடன்தான், அதைத் தெரிந்தே கொடுக்க வேண்டியது. ஐம்பது பக்கத்தில் பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு, ஏன் பிடிக்கவில்லை என்று தந்தவரிடம் சொல்லுங்கள். அடுத்த தெரிவு அதிலிருந்துதான் சரியாக வரும்.

பிள்ளைகளிடமும் கேட்கலாம். அவர்கள் வாசிப்பது இத்தாலிய மொழியில் என்றாலும் பரவாயில்லை. ஜானி ரொடாரியின் தொலைபேசிக் கதைகள் 1962இல் வந்தன. வேலைக்காக ஊர் ஊராய் அலையும் ஒரு தகப்பன், மகள் நித்திரை கொள்ளுமுன் ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் ஒரு கதை சொல்கிறார். அழைப்புக் காசு அவர் கையிலிருந்து போவதால் கதைகள் மிகச் சின்னவை. டெலிபோன் காட் வாங்கி ஊருக்குப் பேசிய எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தத் தகப்பனையும் ரொடாரி ‘கணக்காளர் பியாங்கி’ என்றே அழைக்கிறார். மகளோ மகனோ ஒரு கதையை வாசித்துக் காட்ட, அம்மா அதைத் தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்க்கலாம். பத்து நிமிடம் போதும்.