சங்கிலியும் கைக்கடிகாரமும்

பிலிமத்தலாவையூடாகச் செல்லும் கொழும்பு–கண்டி வீதியில் ஓடும் நம் வாலிபர் பலர் இன்று தூரத்தைக் கைக்கடிகாரத்திலேயே பார்க்கின்றனர். சேர்ந்தோடிய இருவருக்கு இரு கணக்கு வருவதையும், அதன்பொருட்டு வழக்காடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். எவர் கணக்கு மெய்?

இவ்வீதியை அமைப்பதில் முன்னின்ற பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் மறைந்தார். கடுகண்ணாவையில் 1832இல் எழுப்பிய அவர் நினைவுக் கோபுரத்தை அறியாதார் நம்மில் இலர். அக்காலத்து நிலஅளவையாளர் தரையிலே சங்கிலி கிடத்தி அளந்தனர். 66 அடிச் சங்கிலி 80 சேர்ந்தால் ஒரு மைல்.

கடிகாரமோ தரையைத் தொடுவதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு நம் இடத்தைப் புள்ளியாகக் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைக்கிறது. பொதுமக்களுக்கென வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2இல் நீக்கிற்று. ஆயினும் சில மீற்றர்ப் பிழை எஞ்சியுள்ளது. கடுகண்ணாவை வளைவுகளிற் புள்ளிகள் அரிதாக விழுந்தால் கோடு வளைவை வெட்டிச் செல்லும், தூரம் குறையும். மலைச்சரிவும் மரச்செறிவும் புள்ளியை அங்குமிங்கும் எறிந்தாற் கூடும். கணத்துக்குக் கணம் காட்டும் வேகம் துள்ளுவதும் பெரிதும் இதனாலேயே.

மரதன் பாதையை இன்றும் துவிச்சக்கரவண்டிச் சில்லின் சுற்றை எண்ணியே அளக்கின்றனர். குறைந்துவிடலாகாதென்று 1,000 மீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியும் வைக்கின்றனர். (சங்கிலிக்காரரின் பேரப்பிள்ளைகள்தாமே!) வழக்காடும் தம்பியர் மைதானத்து 400 மீற்றர்ச் சுற்றில், உட்கோட்டோரமாகப் பத்து முறை ஓடிப் பார்க்கட்டும். இருவர் கடிகாரங்களும் சொல்வதை ஆண்டுவிழாவன்று கேட்போம்.