கர்மேல் துறவிகளின் கதை – 14: பஸ்த்ரானா மடத்து இளவரசி

தெரேசம்மாளின் கர்மேல் சீர்திருத்தத்துக்குத் துணைநின்ற துறவி சிலுவை அருளப்பரை அவிலா நகரத்துச் சிறு வீட்டிலிருந்து ஆயுதம் தாங்கிய ஆட்கள் பிடித்துச் சென்ற 1577 டிசம்பர் மாதத்து இரவை இந்த வாரம் விவரிப்பதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். ஆனால் அந்த இரவில் அழிக்கப்பட இருந்த பொருள் யாது என்பது வாசகர் மனத்தில் ஐயமறப் பதியாதவரை, அந்தக் கைதும் அதைத் தொடர்ந்த தொலேதோ நகரத்துச் சிறைவாசமும் ஒரு சபைக்குள் நடந்த பங்காளிச் சண்டையாகவே தோற்றமளிக்கும். அப்பொருளைக் கண்ணாரக் காணவேண்டுமாயின், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பஸ்த்ரானா என்னும் சிற்றூரில் நடந்த ஒரு விபரீதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அவிலாவின் மனிதாவதார மடத்தில், ஒரு காலத்தில் 180க்கு மேற்பட்ட கன்னியர் வாழ்ந்தனர் என்பதையும், அங்கே செல்வக் குடும்பத்துப் பெண்களுக்குத் தனி அறைகளும் பணிப்பெண்களும் இருக்க, ஏழைக் குடும்பத்தினர் பொதுக் கூடத்தில் படுத்துறங்கினர் என்பதையும் முன்பே கண்டோம். அம்மடத்தார் தீயவர் அல்லர். பக்தியிலும் குறைந்தவர் அல்லர். ஆயினும் உலகத்தில் இருந்த உயர்வு தாழ்வு அப்படியே மதிலைத் தாண்டி உள்ளே வந்து, ஜெபக்கூடத்திலும் உணவுக்கூடத்திலும் உட்கார்ந்துகொண்டது. ‘தோஞா’ என்ற பிரபுத்துவப் பட்டத்தோடு அழைக்கப்பட்டு, தமக்கெனத் தனி இல்லமே பெற்று அங்கு வாழ்ந்த அர்ச்சியசிஷ்ட தெரேசம்மாள், 1562 ஆகஸ்ட் 24 அன்று நான்கே நான்கு ஏழைப் பெண்களைக் கொண்டு புனித சூசையப்பர் மடத்தைத் திறந்தபோது, முதன்முதலில் துறந்தது அந்தப் பட்டத்தைத்தான்.

புதிய மடத்தின் நித்திய ஒழுங்கைச் சற்று நின்று நோக்குவோம். கோடையில் காலை 5 மணிக்கும் குளிர்காலத்தில் 6 மணிக்கும் எழுந்து, ஒரு மணி நேரம் மௌனத் தியானம். மாலையில் மீண்டும் ஒரு மணி. இடையே கட்டளை ஜெபங்கள், திவ்விய பூசை, ஆத்தும சோதனை. பகலில் கைவேலை, அதுவும் பெரும்பாலும் நூல் நூற்பது, ஏனெனில் பொன்னிழை வெள்ளியிழை வேலைப்பாடு போன்ற நுட்பமான தொழில் மனத்தைக் கர்த்தரிடமிருந்து கவர்ந்துகொள்ளும் என்று அன்னையார் கருதினார். மாமிசம் விலக்கு, கரடுமுரடான கம்பளித் துணியில் அங்கியும், நம் நாட்டுக் கத்தோலிக்கரும் சிறிய வடிவில் கழுத்தில் அணியும் உத்தரியமும், காலுக்குக் கயிற்றுச் செருப்பும், படுக்கைக்கு வைக்கோல் மெத்தையும். ஆனால் இக்கடுமைகளுக்கு நடுவே, உணவுக்குப் பின் எல்லாரும் கூடியமர்ந்து மனம்விட்டுப் பேசிச் சிரிக்கும் நேரத்தையும் விதியாகவே எழுதிவைத்தார். வாடிய முகத்துப் பக்தியில் அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை. தலைவியின் பொறுப்பைச் சொல்லுமிடத்தில்தான் அவருடைய மேதைமை முழுவதும் வெளிப்படுகிறது: மடத்தைப் பெருக்குகிறவர்களின் முறைப்பட்டியலில் முதல் பெயர் மடத்துத் தலைவியின் பெயராக இருக்கவேண்டும் என்று அவர் விதித்தார். சமத்துவத்தைப் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த எத்தனையோ சாசனங்களைவிட இந்த ஒரு விதி எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

நவசந்நியாசிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் அதே தெளிவு. பெண் 17 வயதுக்குக் குறைந்தவளாயிருக்கலாகாது. சீதனம் கொண்டுவர வழியில்லை என்பதற்காக நல்லவளைத் திருப்பி அனுப்பலாகாது. பக்தி குறைவாயிருந்தால் மடத்தில் வளர்த்துக்கொள்ளலாம், புத்தி குறைவாயிருந்தால் வளர்ப்பதற்கு வழியில்லை. ஓராண்டு அவளை வைத்துப் பார்த்த பிறகே, கூட்டத்தாரின் சம்மதத்தோடு வார்த்தைப்பாடு. சிறு கூட்டமாக இருந்தால்தான் ஒருவரையொருவர் மெய்யாகவே நேசிக்கவும் திருத்தவும் முடியும் என்பதால் ஆரம்பத்தில் 13 பேருக்கு மேல் வேண்டாம் என்றிருந்தார். பிற்காலத்தில் அந்த எல்லை 21 ஆயிற்று. ‘என்னுடையது’ என்று சொல்ல அம்மடத்தில் எவருக்கும் எதுவும் இல்லை.

இத்தகைய மடமொன்றைத் தம் ஊரில் ஸ்தாபிக்கவேண்டுமென்று 1569ஆம் ஆண்டில் அன்னையாரை அழைத்தவர்கள், எபோலி இளவரசரான ரூய் கோமெஸும் அவர் மனைவி அன்னா தெ மெந்தோசாவும். போர்த்துக்கலிலிருந்து வந்த ரூய் கோமெஸ், இரண்டாம் பிலிப் அரசனின் அந்தரங்க நண்பர். சாந்தமும் சாதுரியமும் ஒருங்கே அமைந்தவர். காஸ்தில் தேசத்து மாபெரும் குலங்களில் ஒன்றான மெந்தோசா குலத்துக் குமாரத்தியாகப் பிறந்து, 12 வயதிலேயே அவருக்கு நிச்சயிக்கப்பட்ட அன்னாவோ, வலக் கண்ணை மறைத்துக் கட்டிய கரும்பட்டையோடு ஓவியத்திலிருந்து இன்றும் நம்மை ஏறிட்டு நோக்குகிறாள். அந்த ஒற்றைக் கண்ணின் பார்வையில், கேட்டது கிடைக்காமல் ஒரு நாளும் இருந்தறியாத பெண்ணின் அலட்சியம் தெரிகிறது.

தொலேதோ மடம் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்தபடியால் அன்னையாருக்குப் புறப்பட மனமில்லை. ஆயினும் அரசனின் நண்பரைப் பகைத்துக்கொண்டால் சீர்திருத்தம் முழுவதும் ஆட்டம் காணும் என்று அறிந்து போனார். வழியில் மத்ரித் நகரில் மரியானோ என்ற இத்தாலியத் தபசியும் அவர் தோழர் ஜுவானும் அவரைச் சந்தித்துத் தம்மை ஒப்படைத்ததன் பயனாகப் பஸ்த்ரானாவில் ஆண் துறவிகளின் மடமும் எழுந்தது. அங்கே நவசந்நியாசிகளைப் பயிற்றுவித்த விதம் அன்னையாரின் நிதானத்துக்கு நேர்மாறானது. நவசந்நியாச குரு ஆஞ்செல், ஒறுத்தல் முயற்சிகளை வரம்பின்றிப் பெருக்கினார். தேகம் நொறுங்கினால் ஆத்துமம் உயரும் என்பது அவர் கணக்கு. தோமிங்கோ பாஞ்ஞெஸ் என்ற சாமிநாதர் சபைச் சாஸ்திரி 1572இல் அவருக்குக் கடிதம் எழுதிக் கண்டிக்கவும், அருளப்பர் அல்காலாவிலிருந்து நேரில் வந்து அந்த வெறியைத் தணிக்கவும் வேண்டியதாயிற்று. தம் உடலுக்குச் சற்றும் இரங்காத அருளப்பர் பிறர் உடலுக்கு இரங்கினார் என்பதில்தான், மெய்யான குருவுக்கும் ஒறுத்தலையே விக்கிரகமாக்கிக்கொண்டவனுக்கும் உள்ள வேற்றுமை விளங்குகிறது.

பெண்கள் மடத்திலோ சங்கடம் வேறு வகையில் வந்தது. தன் செலவில் கட்டிய மடம் தன் உடைமை என்று இளவரசி எண்ணினாள். வேறொரு சபைக் கன்னியை இம்மடத்தில் சேர்க்கும்படி வற்புறுத்தினாள், அன்னையார் மறுத்தார். அன்னையார் தம் குருமார்களின் கட்டளைப்படி எழுதிய சுயசரிதத்தைப் படிக்கக் கேட்டாள். அவர் தயங்கியபோது கணவரைக் கொண்டு இணங்கச் செய்தாள். அந்தரங்க ஜெப அநுபவங்கள் நிறைந்த அந்த ஏடு அரண்மனைப் பணிப்பெண்கள் கைக்கும் போய், அவர்களின் கேலிக்கு இலக்காயிற்று. பின்னர் 1575இல் அது விசாரணை மன்றத்தின் கைக்குப் போனதற்கும் இளவரசியே காரணம் என்பது சரித்திராசிரியர் பலரின் கருத்து. நானும் அவ்வாறே கருதுகிறேன்.

ரூய் கோமெஸ் உயிரோடிருந்தவரை அவருடைய சாந்தம் மனைவியின் மூர்க்கத்துக்கு அணையிட்டிருந்தது. 1573 ஜூலை 29 அன்று மத்ரித் நகரில் அவர் காலமானார். அன்றே, கண்ணீர் உலருமுன், தான் கன்னியாகிறேன் என்று அறிவித்து, கர்மேல் சபையின் அங்கியை வாங்கி உடுத்திக்கொண்டு, வண்டியேறிப் பஸ்த்ரானாவுக்கு விரைந்தாள் இளவரசி. செய்தி முந்தி வந்து எட்டியதும், இனி இம்மடம் அழிந்தது என்று தலைவி இசபெல் தெ சாந்தோ தோமிங்கோ அம்மாள் துயருற்றுச் சொன்னார் என்பர். அந்த நாவிலிருந்து வந்தது தீர்க்கதரிசனமேயாயிற்று.

தன்னுடன் வந்த பணிப்பெண்கள் இருவருக்கும் உடனே துறவாடை தரவேண்டுமென்றாள். மேலதிகாரிகளின் அநுமதி வேண்டுமே என்று தலைவி தாழ்மையோடு சொன்னதற்கு, என் மடத்தில் துறவிகளுக்கு என்ன அதிகாரம் என்று சீறினாள். துக்கம் விசாரிக்க வந்த பிரபுக்கள் வாயிற்கிராதிக்கு வெளியே நின்றல்லவா பேசவேண்டும்? அதற்கு இணங்காமல், வெளியார் நுழையலாகாத உள்மடத்துக்கே அவர்களை வரவழைத்தாள். கன்னியர் தன் முன் முழந்தாளிட்டுப் பேசவேண்டுமென்றாள். பின்னர் தோட்டத்திலிருந்த தனிக் குடிலுக்குப் பணிப்பெண்களோடு குடிபெயர்ந்து, தெருவுக்கு வாயில் திறந்துகொண்டு, துறவுடை கலையாமலே உலகத்தோடு உறவாடினாள். இறுதியில், சிறு பிள்ளைகளின் சொத்தைப் பராமரிக்கவேண்டிய தாய் மடத்தில் இருக்கலாகாது என்று அரசனே தலையிட்டு அவளை வெளியேற்றும்படி ஆயிற்று. வெளியேறியவள், தான் வாக்களித்திருந்த படியை நிறுத்திக் கன்னியரைப் பட்டினிக்கு ஆளாக்கினாள்.

மெந்தோசா குலத்துப் பெண்ணுக்குச் சிறுவயது முதல் கிடைத்த பயிற்சி பிறரை ஏவும் பயிற்சி. துடைப்பத்தை முதலில் எடுப்பவளே தலைவி என்ற விதியை அவளால் ஏற்க முடியவில்லை. ஆனால் அவளுக்கு எதிரே நின்ற பெண்களோ ஒவ்வொரு நாளும் தம் சுயேச்சையை உடைத்து, ஒருவர் குற்றத்தை ஒருவர் சபையில் கேட்டுத் திருந்தி, பசியிலும் ஒரே தட்டைப் பகிர்ந்து வாழப் பழகியவர்கள். காஸ்தில் தேசத்தின் மிக வலிய சீமாட்டியின் எதிரில் ஒரு சிறு கூட்டம் இசையாமல் நின்றதற்கு வேறு பலம் எதுவும் இல்லை. சரித்திர நூல்கள் இளவரசியின் கரும்பட்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இசபெல் அம்மாளுக்கோ ஓரிரு வரிதான். இந்த அநீதி என்னை வெகுகாலமாக வருத்தி வந்திருக்கிறது. பஸ்த்ரானாவின் வீராங்கனை அவரே.

அன்னையார் 1574 மார்ச் 19 அன்று செகோவியா நகரில் புதிய மடத்தைத் திறந்தார். அருளப்பரும் உடன் சென்றிருந்தார். அங்கிருந்து குருவானவர் ஜூலியான் தெ அவிலாவையும் அந்தோனியோ கைதான் என்ற பக்தரையும் இரகசியமாகப் பஸ்த்ரானாவுக்கு அனுப்பினார். மடத்திலிருந்து இளவரசியின் பொருள் எதையும் எடுக்காமல், தாம் கொண்டுவந்த படுக்கைகளையும் சில்லறைச் சாமான்களையும் மாத்திரம் எடுத்துக்கொண்டு, ஏப்ரல் மாதத்து இரவொன்றில், ஊர் உறங்கும் வேளையில் அத்தனை கன்னியரும் வண்டிகளில் புறப்பட்டனர். தாம் ஸ்தாபித்த ஒரு மடத்தைத் தாமே கலைத்துவிடும் துணிவு எத்தனை ஸ்தாபகர்களுக்கு உண்டு? கட்டிடமும் மானியமும் வேண்டும் என்று வாழ்வின் ஒழுங்கை விற்றிருந்தால், கர்மேல் சீர்திருத்தம் பிரபுக்களின் அலங்காரப் பொருளாக முடிந்திருக்கும். 1577இல் அருளப்பர் தொலேதோவின் இருட்டறையில் அசையாமல் நின்றது எதற்காகவோ, அதற்காகவே இப்பெண்கள் அவருக்கு முன்னரே நின்று காட்டினார்கள்.

இளவரசியின் பிற்கால வாழ்வு பரிதாபகரமானது. அரசனின் காரியதரிசி அந்தோனியோ பெரெஸோடு அவள் கொண்ட உறவும், 1578இல் நிகழ்ந்த எஸ்கொபெதோவின் கொலையும், 1579 ஜூலையில் அவள் கைதானதும் வேறொரு நூலுக்குரிய கதை. சிறைக்கோட்டைகளிலும் கடைசியாகத் தன் பஸ்த்ரானா அரண்மனையிலும் காவலில் அடைபட்டு, 1592இல் மாண்டாள். அவள் பட்ட துன்பத்துக்காக இரங்கலாம். அம்மடத்துக்கு அவள் செய்ததை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அன்னையாரின் சுயசரிதமோ 1588இல் சலமான்கா நகரில் அச்சாகி உலகெங்கும் பரவிற்று. இசபெல் அம்மாள் செகோவியா மடத்துக்குத் தலைவியாகி, பின்னர் சரகோசாவிலும் ஒரு மடத்தை ஸ்தாபித்தார்.

அருளப்பரைப் பிடித்த டிசம்பர் இரவை அடுத்த இதழில் முழுமையாகக் காண்போம். அதைப் படிக்கும்போது, பஸ்த்ரானாவிலிருந்து புறப்பட்ட அந்த வண்டிகளை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.